நோர்வூட் தோட்டமும் எல்ல பாலமும்: கோச்சியா, வேனா?

கேள்வி: கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். மே விடுமுறையில் ஆறு நாள் இலங்கை மலையகம் வருகிறோம். நாங்கள் இருவர், 6, 10 வயதில் இரண்டு பிள்ளைகள், என் தங்கை, 74 வயது அப்பா, முழங்கால் வலியுள்ள அம்மா. அப்பா பிறந்த தோட்டம் நோர்வூட் பக்கம். அது தவிர நுவரெலியா, சீதையம்மன் கோயில், எல்ல ஒன்பது வளைவுப் பாலம். ரயிலிலேயே சுற்றலாமா, காரை வாடகைக்கு எடுத்து நானே ஓட்டலாமா? மலைப்பாதை எனக்குப் பழக்கம்தான்.

பதில்: ஆறு நாளுக்கும் டிரைவரோடு ஒரு வேன் பிடியுங்கள். அதற்குள் அரை நாள் மட்டும் கோச்சியில், அதாவது ரயிலில், போங்கள். நீங்களே ஓட்டும் யோசனையை விட்டுவிடுங்கள்.

முதலில் கோச்சி. நீலகிரி ரயிலை மனதில் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அது பல்சக்கரத்தைப் பிடித்து ஏறும் மீட்டர் கேஜ். இங்கே ஓடுவது கோயம்புத்தூர் மெயின் லைனில் உள்ள அதே 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதை, பல்சக்கரம் கிடையாது. 44 அடிக்கு ஓர் அடி ஏற்றத்தை வளைந்து வளைந்தே சமாளிக்கிறது. அதனால் மெதுவாகத்தான் போகும், தாமதமும் சகஜம். கொழும்பு கோட்டையிலிருந்து ஹட்டனுக்கு ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம்கூடப் பெரிய பிரச்சினை இல்லை. கோச்சிப் பாதை மலை முதுகைப் பிடித்துப் போகிறது. தோட்டங்கள் இரண்டு பக்கமும் கீழே இறங்கிக் கிடக்கின்றன. ஹட்டனில் இறங்கினால் நோர்வூட்டுக்கு அரை மணி நேரம், அங்கிருந்து தோட்டத்துக்கு மறுபடி ஏற்றம். நுவரெலியா டவுனில் ஸ்டேஷனே கிடையாது. நானுஓயாவில் இறங்கி எட்டு, ஒன்பது கிலோமீட்டர் போக வேண்டும். சீதையம்மன் கோயில் அதையும் தாண்டி வெலிமடை ரோட்டில். ஏழு பேருக்குப் பெட்டியோடு ஒவ்வொரு இடத்திலும் மூன்று ஆட்டோ தேட வேண்டியிருக்கும். பிளாட்பாரத்துக்கும் ரயில் பெட்டிக்கும் நடுவே ஏற வேண்டிய படி உயரம், பல ஸ்டேஷன்களில் மேம்பாலப் படியும் உண்டு. அம்மாவின் முழங்காலுக்கு ஒரு தடவை சரி, நாலு தடவை ஆகாது.

அடுத்து நீங்கள் ஓட்டுவது. இந்தியாவில் எடுத்த சர்வதேச லைசென்ஸ் மட்டும் போதாது. கொழும்பில் ஆட்டோமொபைல் அசோசியேஷனில் அதை அங்கீகரித்து வாங்க வேண்டும், அல்லது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். 2025 ஆகஸ்டிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே அதற்குக் கவுன்டர் இருப்பதால் இது பெரிய தடையில்லை. தடை வேறு இடத்தில். சாதாரண வாடகைக் காரில் ஐந்து பேர்தான் உட்காரலாம். ஏழு பேருக்கு இரண்டு கார், இரண்டு டிரைவர் வேண்டும்.

அப்படியும் பிடிவாதமாக எடுப்பவர்களுக்கு இரண்டு விஷயம். வாடகைக்கு வருபவற்றில் நிறைய ஹைப்ரிட் ஆட்டோமேட்டிக். ஹட்டன் பக்கமிருந்து கினிகத்தேனை வழியாகவோ, நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகவோ இறங்கும்போது கியரை 'டி'யில் விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறி, பெடல் கீழே போயும் வண்டி நிற்காது. ஹைப்ரிட்டில் 'பி' (ஆங்கில B, பார்க்கிங் P அல்ல), மற்ற ஆட்டோமேட்டிக்கில் 'எல்' அல்லது '2' போட்டு, இன்ஜின் இழுவையில் இறங்க வேண்டும். நானுஓயா ரதல்ல குறுக்கு வீதிப் பக்கமே போக வேண்டாம். 2023 ஜனவரியில் பஸ் ஒன்று வேனோடும் ஆட்டோவோடும் மோதி ஏழு பேர் இறந்த இறக்கம் அது. அடுத்தது கான். ரோட்டோரமாக ஓடும் அந்தச் சிமென்ட் வடிகால் பல இடங்களில் முழங்கால் ஆழம், மேலே மூடி இல்லை, புல் வளர்ந்து விளிம்பு தெரியாது. எதிரே வரும் பஸ்ஸுக்கு வழிவிட ஓர் அடி ஒதுங்கினால் இடது சக்கரம் உள்ளே. மலைப்பாதையில் கை தேர்ந்தவர்களும் இங்கே மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

ஆகவே வேன். ஏழு பேருக்கும் சாமானுக்கும் கேடிஎச் (டொயோட்டா ஹயேஸ் வேன்) சரியான அளவு. பேசும்போது மொத்தத் தொகையை மட்டும் கேட்காதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் சேர்த்தி, மேலே ஓடினால் கிலோமீட்டருக்கு எவ்வளவு, வண்டி வீட்டிலிருந்து வந்து திரும்பிப் போகும் ஓட்டமும் உங்கள் தலையிலா, டிரைவர் சாப்பாடும் இரவுத் தங்கலும் யார் பொறுப்பு, ஹைவே கட்டணம் சேர்ந்ததா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஏறும்போது மீட்டரைப் போட்டோ எடுத்து வையுங்கள். இன்சூரன்ஸ் பத்திரத்தில் 'ஹயரிங்' (வாடகைக்கு ஓட்ட) என்று இருக்கிறதா என்று பாருங்கள். தனிப்பட்ட பாவனைக்கு மட்டும் இன்சூர் செய்த வேனைச் சிலர் ஹயருக்கு விடுகிறார்கள், விபத்து நடந்தால் இழப்பீடு கேட்டு நிற்க முடியாது. பின் சீட் பெல்ட்டை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பதும் உங்கள் வேலை.

கட்டுநாயக்கவிலிருந்து ஹட்டனுக்கு ஐந்து மணி நேரம் ஆகும். அவிசாவளை, கித்துல்கல வழியே வரும் ஏ7 ரோடு கண்டி சுற்றி வருவதைவிடச் சுருக்கம். பிள்ளைகளுக்கு வாந்தி வருமென்றால் கித்துல்கலவில் சாப்பிட வைக்காதீர்கள், அதற்கப்புறம்தான் வளைவுகள். ஹட்டனிலிருந்து தலவாக்கலை போகும் வழியில் டெவன், சென்கிளயர் இரண்டு அருவியும் ரோட்டிலிருந்தே தெரியும். மேயில் பிற்பகலில் மழையும் மூடுபனியும் இறங்கும். இடம் மாறுவதைப் பகல் ஒரு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

கோச்சிக்கான அரை நாளை நானுஓயாவிலிருந்து எல்லவுக்கு வையுங்கள், இரண்டரை முதல் மூன்று மணி நேரம். டிரைவர் சாமானோடு வெலிமடை வழியாக முன்னால் போய் நிற்பார். நாட்டிலேயே உயரமான ஸ்டேஷன் பட்டிப்பொல, 1,891 மீட்டர். அதைத் தாண்டி ஒரு சுரங்கம். இந்தப் பக்கம் பனி மூடியிருக்க, அந்தப் பக்கம் ஊவா மாகாணத்தில் வெயில் அடிப்பதைப் பல நாள் பார்க்கலாம். பிள்ளைகளை அந்த நேரம் தூங்க விடாதீர்கள்.

எல்லவில் இறங்கினால் ஒன்பது வளைவுப் பாலத்தைக் கடந்திருக்க மாட்டீர்கள். பாலம் எல்லவுக்கும் அடுத்த ஸ்டேஷனான தெமோதரைக்கும் நடுவில். ஆகவே டிக்கெட்டைத் தெமோதரை வரை எடுத்து, வேனையும் அங்கே வரச் சொல்லுங்கள். ஆனால் பாலத்தின் அழகு வெளியே நின்று பார்த்தால்தான் தெரியும், மேலே போகிறவருக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. எல்லவில் தங்கும்போது காலையில் ஒரு நடை போய்வாருங்கள்; சரிவு இருப்பதால் அம்மாவுக்கு ஆட்டோ.

ஒதுக்கிய இருக்கைகளுக்கான பதிவு பயணத்துக்கு 30 நாள் முன்பு திறக்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும். பாஸ்போர்ட் எண்களைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். கிடைக்காவிட்டால் அன்றே ஸ்டேஷனில் இரண்டாம், மூன்றாம் வகுப்பு டிக்கெட் உண்டு, இருக்கைக்கு உத்தரவாதம் இல்லை. பெரியவர்களை வேனில் அனுப்பிவிட்டு நீங்களும் பிள்ளைகளும் மட்டும் ஏறுங்கள். பௌத்தர்களின் பெரிய பண்டிகையான வெசாக் பௌர்ணமியை ஒட்டி இதை முயற்சி செய்யவே வேண்டாம். கதவில் தொங்கிப் போட்டோ எடுப்பதும் வேண்டாம். சில இடங்களில் சுரங்கச் சுவருக்கும் பெட்டிக்கும் ஒரு முழம்கூட இருக்காது.

இன்னொன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகப் பாதையைப் பல இடங்களில் சிதைத்துப் போட்டது. மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை மூடுவதும் புதிதல்ல. பதிவு செய்வதற்கு முன், பயணத்துக்கு முதல் நாள் என்று இரண்டு தடவை, எது வரை கோச்சி ஓடுகிறது என்று ஹட்டன் ஸ்டேஷனில் விசாரிக்கும்படி உறவினரிடம் சொல்லுங்கள். வேன் கையில் இருப்பதால் ஓடாவிட்டாலும் உங்கள் பயணம் நிற்காது.

திரும்பும்போது வந்த வழியே வராதீர்கள். எல்லவிலிருந்து வெல்லவாய இறங்கி, தெற்கு அதிவேகப் பாதையில் ஏறினால் கட்டுநாயக்க வரை ஹைவேதான். தூரம் நூறு கிலோமீட்டர் கூடும், ஆனால் முதல் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வளைவே இல்லை. அப்பா தூங்கிக்கொண்டு வரலாம். அந்தக் கூடுதல் கிலோமீட்டரையும் முன்பே பேசிவிடுங்கள்.

தோட்டத்துக்குள் கேடிஎச் பெரும்பாலும் பிரட்டுக்களம் (தொழிலாளர்கள் காலையில் பேர் கொடுக்கக் கூடும் இடம்) வரைதான் போகும். மேலே லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) ஆட்டோ. தோட்டத்தின் பதிவுப் பெயர் ஒன்று, நம்மவர்கள் கூப்பிடும் தமிழ்ப் பெயர் வேறொன்று. மேப்பில் தமிழ்ப் பெயரைத் தேடினால் கிடைக்காது. இரண்டையும், டிவிஷன் பெயரையும் அப்பாவிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். பதிவுப் பெயர் வேன் டிரைவருக்கு. நோர்வூட் சந்தியில் நிற்கும் ஆட்டோக்காரருக்குத் தமிழ்ப் பெயர் போதும்.