பதினொன்றில் ஒன்றுதான் மறுப்பு

அன்புள்ள அண்ணாவுக்கு,

திருப்பூர் பெருமாநல்லூர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். வயது 31. ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் எட்டு வருசம் செக்கிங்கில் இருந்தேன், கடைசி இரண்டு வருசம் சூப்பர்வைசர். வீட்டுக்காரர் ஓவர்லாக் டெய்லர். போன தை மாசம் சொந்தமாக பவர் டேபிள், அதாவது கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட், போட்டோம். தையல் மெஷின் பத்து: ஓவர்லாக் நாலு, பேட்லாக் மூணு, சிங்கர் மூணு. வீட்டுக்காரரோடு சேர்த்து டெய்லர் பத்துப் பேர், கைமடி (டெய்லருக்கு உதவி ஆள்) நாலு பேர். கூலி, வாடகை, கரண்ட் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 10,300 ரூபாய் ஆகிறது. ஒரு கான்ட்ராக்டர் தரும் வேலையை வைத்து ஓட்டுகிறோம். வாரத்தில் இரண்டு நாள் மெஷின் சும்மா நிற்கிறது.

நேரடியாக வேலை வாங்கலாம் என்று 11 கம்பெனி ஏறி இறங்கிவிட்டேன். ஏழு இடத்தில் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று இடத்தில் கார்டை வாங்கிக்கொண்டு ‘சொல்றோம்’ என்றார்கள். ஒரே இடத்தில் கட்டிங் பீஸ் கொடுத்து சாம்பிள் கேட்டார்கள். ரவுண்ட் நெக் டீ-ஷர்ட் இரண்டு தைத்துக் கொடுத்தோம். ‘நெக் சரியில்ல’ என்று சொல்லிவிட்டார்கள். விடாமுயற்சி வேணும், நாலு பேர் பழக்கம் வேணும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். திங்கட்கிழமை காலையில் எழுந்து அதை எப்படிச் செய்வது என்று ஒருத்தரும் சொல்வதில்லை. மாமியார், ‘பொம்பளை போய் நின்னா எவன் குடுப்பான், அவனைப் பேசச் சொல்லு’ என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

*

அன்புள்ள அம்மணிக்கு,

பதினொரு மறுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எண்ணிப் பார்த்தால் ஒன்றுதான் இருக்கிறது. கேட்டில் திருப்பிய ஏழு பேர் உங்கள் தையலைப் பார்க்கவே இல்லை. கார்டு வாங்கிய மூன்று பேருக்கு அன்றைக்கு உங்கள் மெஷின் தேவைப்படவில்லை. தையலைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றவர் ஒருவர்தான். இந்த மூன்று வகையையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தால் கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்?

அந்த ஒருவரிடமிருந்து தொடங்குங்கள். ‘நெக் சரியில்ல’ என்பது தீர்ப்பு, அதில் காரணம் இல்லை. காரணத்தை வாங்க வேண்டும். வாட்ஸ்அப்பில் இவ்வளவு போதும்: “சார் வணக்கம். சாம்பிள் பார்த்ததுக்கு நன்றிங்க. நெக்குல அளவா, அலையா, தையலான்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா திருத்திக்குவோம். அந்த ரெண்டு பீஸும் திரும்பக் கிடைச்சா உதவியா இருக்கும்.” ஆர்டர் பற்றி அதில் மூச்சு விடாதீர்கள். கம்பெனியில் ஆர்டரையும் சாம்பிளையும் கவனிக்கிற மெர்ச்சண்டைசருக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடிகிற கேள்வியாக இருந்தால் பதில் வரும். பீஸ் திரும்பி வந்தால் இன்னும் நல்லது. எங்கே பேனாவால் வட்டம் போட்டிருக்கிறார்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

பீஸ் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். ரவுண்ட் நெக்கில் பெரும்பாலும் தவறுவது ரிப்பின், அதாவது கழுத்தில் வைத்துத் தைக்கும் இழுபடும் பட்டியின், நீளம். கழுத்துச் சுற்று 50 செ.மீ. என்றால் 1×1 ரிப் அதில் 85 சதவீதம், அதாவது 42-43 செ.மீ. இருக்க வேண்டும், மூட்டுத் தையலுக்கு 1 செ.மீ. தனி. லைக்ரா கலந்த ரிப் என்றால் 40 வரை இறங்கலாம். நீளம் கூடினால் கழுத்து அலை அலையாக நிற்கும், குறைந்தால் பாடி சுருங்கும். ரிப்பையும் கழுத்தையும் நாலு பாகமாகக் குறித்து, குறியோடு குறி சேர்த்து ஓட்டாமல் கண் பார்வையில் ஓட்டினால் இழுப்பு ஒரே பக்கம் போய் நிற்கும். ரிப்பை அவர்கள் வெட்டித் தந்தார்களா, நீங்கள் வெட்டினீர்களா என்று எழுதவில்லை. அவர்கள் வெட்டியது என்றால், தைப்பதற்கு முன்பே அளந்து, “ரிப் 46 இருக்குதுங்க, அப்படியே தைக்கட்டுமா?” என்று கேட்டிருக்க வேண்டும். அந்த ஒரு கேள்வியிலேயே உங்கள் மேல் பாதி நம்பிக்கை வந்திருக்கும்.

இன்னொன்று, மேஜையில் தெரியாது, துவைத்தால்தான் தெரியும்: ஊசி ஓட்டை. மொன்னை ஊசி, அல்லது துணிக்கு மீறிய பருமன் ஊசி, துணியின் பின்னல் லூப்பைத் தள்ளிக்கொண்டு போகாமல் நூலை அறுத்துவிடும். தைத்த அன்று ஒன்றும் தெரியாது. ஒரு துவையல் போட்டதும் தையலை ஒட்டி வரிசையாகப் புள்ளி புள்ளியாக ஓட்டை விழும். மெல்லிய சிங்கிள் ஜெர்சி பனியன் துணிக்கு பால் பாயிண்ட் (முனை உருண்ட) ஊசி, 9 அல்லது 10 நம்பர் போடுங்கள். ஷிப்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். ஊசியில் மிச்சம் பிடிப்பது போலத் தண்டமான சிக்கனம் திருப்பூரில் வேறு இல்லை.

அதனால் அடுத்த முறை சாம்பிள் கொடுக்கும்போது மூன்று பீஸ் தையுங்கள். ஒன்று துவைக்காதது, ஒன்று துவைத்து நிழலில் காய வைத்தது, ஒன்று உங்களிடமே இருக்கட்டும். துவைப்பதற்கு முன்னும் பின்னும் மார்பு, நீளம், கழுத்து அகலம் மூன்றையும் இழுக்காமல் விரித்து அளந்து ஒரு தாளில் எழுதிப் பின் பண்ணுங்கள். பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்னால் வந்தால் அது பெரும்பாலும் நூல் முறுக்கும் துணி ஃபினிஷிங்கும் செய்த வேலை, உங்கள் குற்றம் இல்லை. ஆனாலும் தாளில் எழுதுங்கள். கம்பெனி துணியின் குறையைப் பணிவாக எடுத்துக் காட்டுகிறவரை மெர்ச்சண்டைசர் மறக்க மாட்டார். ‘நெக் சரியில்ல’ என்ற அதே கம்பெனிக்குப் பத்து நாளில் இந்தப் புது சாம்பிளோடும் தாளோடும் திரும்பப் போங்கள். விடாமுயற்சி என்று நான் சொல்வது இதைத்தான்: ஒவ்வொரு முறை போகும்போதும் கையில் ஒன்று மாறியிருக்க வேண்டும். மூன்று முறை மாற்றிக் காட்டியும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

ஏழு கேட்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சில பையர்கள் (கம்பெனிக்கு ஆர்டர் கொடுப்பவர்கள்) வெளியே தைக்கக் கொடுக்கவே கூடாது என்றும், சிலர் தாங்கள் ஒப்புக்கொண்ட யூனிட்டில் மட்டும்தான் என்றும் எழுதி வாங்கியிருப்பார்கள். அங்கே நீங்கள் தங்கத்தில் தைத்தாலும் வேலை கிடைக்காது. போனிலேயே “வெளிய தைக்கக் குடுக்கற பையர் ஏதாவது இருக்குதுங்களா?” என்று கேட்டு, இல்லையென்றால் கோடு போட்டு அடித்துவிடுங்கள். இருக்கிறது என்கிற இடத்தில் அடுத்து கேட்பது தையலைப் பற்றி இருக்காது. 14 பேர் இருக்கிறீர்கள். பத்துப் பேரானாலே இ.எஸ்.ஐ. வந்துவிடும், இருபது ஆனால் பி.எஃப். தீயணைப்பு சிலிண்டர், பூட்டாத இரண்டாவது வாசல், எல்லாருடைய வயதுச் சான்று நகல், உடைந்த ஊசி நோட்டு: இவற்றைத்தான் கேட்பார்கள். இந்த நோட்டு பத்து ரூபாய் விஷயம். தேதி, மணி, மெஷின் நம்பர் எழுதி, உடைந்த துண்டுகளை செல்லோ டேப்பில் அந்த வரிக்கு நேரே ஒட்ட வேண்டும். ஒரு துண்டு கிடைக்கவில்லையென்றால் அந்த மெஷினைச் சுற்றியிருந்த பீஸெல்லாம் தனியே. குழந்தைகள் துணி தைக்கிற கம்பெனி ஆள் உங்கள் யூனிட்டுக்கு வந்தால் முதலில் இதைத்தான் புரட்டுவார்.

இனி, உங்கள் கடிதத்தில் நீங்களே ஒரு வரியில் தாண்டிப் போனதற்கு வருகிறேன். எட்டு வருசம் செக்கிங். ஊரில் பத்து மெஷின் பவர் டேபிளுக்குப் பஞ்சமில்லை. செக்கிங் சூப்பர்வைசர் நடத்துகிற பவர் டேபிள் எத்தனை? நீங்கள் தையலை விற்கப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். கையில் இருப்பது கண்.

1,200 பீஸ் லாட் ஒன்று பைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போகிறது என்று வையுங்கள். எத்தனை குறை வரை ஏற்பது என்கிற அளவான ஏ.க்யூ.எல். 2.5 என்றால் 80 பீஸ் எடுப்பார்கள். மேஜர் டிபெக்ட் (பெரிய குறை) ஐந்து வரை பாஸ், ஆறு வந்தால் லாட் முழுவதும் பெயில். உங்களுக்குத் தெரியாததா? அன்று சாயங்காலம் அந்தக் கம்பெனியின் நிலைமையும் தெரிந்திருக்கும். 1,200-ஐயும் பிரித்து, பார்த்து, ஆல்டர் செய்து (குறையுள்ள தையலைத் திருத்தி), திரும்ப மடித்து பேக் பண்ண வேண்டும். அவர்கள் ஆட்கள் அடுத்த லாட்டில் இருப்பார்கள். கப்பல் தேதி தவறினால் விமானத்தில் அனுப்பும் செலவு கம்பெனி தலையில். அந்தச் சாயங்காலத்தில் கூப்பிட யாருடைய விசிட்டிங் கார்டும் அவர்களிடம் இருக்காது.

ஆறு பேர், இரண்டு மேஜை, நல்ல டியூப்லைட். ஒருவர் நிதானமாக மணிக்கு 50 பீஸ் பார்த்தால் ஆறு பேருக்கு 300, நாலு மணி நேரத்தில் லாட் முடிகிறது. பிசிர் வெட்டுவது, ஆல்டர், கறை எடுப்பது மூன்றுக்கும் ரேட்டைத் தனித்தனியாகப் பேசுங்கள், ஒன்றாகப் பேசினால் கறையில் மாட்டுவீர்கள். வாங்கும்போதே எண்ணி, சலானில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எண்ணாமல் வாங்கி 20 பீஸ் குறைந்தால் அதன் விலையைப் பிடிக்கும் டெபிட் நோட் உங்கள் பெயரில்தான் வரும். திருப்பிக் கொடுக்கும்போது பீஸோடு ஒரு தாள் போகட்டும்: கழுத்து அலை இத்தனை, ஊசி ஓட்டை இத்தனை, எண்ணெய்க் கறை இத்தனை, எந்த பண்டலில் அதிகம் என்று. க்யூ.சி. (தரச் சோதனை) மேனேஜர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தன் லைனுக்கு ஓடுவார். ‘நெக் சரியில்ல’ என்று உங்களைத் திருப்பிய கம்பெனிக்கே இந்த வேலையாக உள்ளே போகலாம். ஆல்டர் வேலைக்காக வீட்டுக்காரர் மெஷினில் உட்காரும்போது அவருடைய தையலையும் பார்த்துவிடுவார்கள்.

இதை யாரிடம் சொல்லி வைப்பது? உங்களோடு செக்கிங்கில் நின்ற பெண்கள் இன்று எத்தனையோ கம்பெனியில் க்யூ.சி.யாக இருப்பார்கள். வேலையை விட்டுவிட்டு வந்தோமே என்று கூச்சப்பட்டு அவர்களிடம் பேசாமல் இருப்பீர்கள் என்பது என் ஊகம். முதல் போன் அவர்களுக்குத்தான். 1973-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், தெரிந்தவர் மூலம் புது வேலைக்குப் போனவர்களிடம் ‘அவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்’ என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 17 சதவீதத்துக்கும் கீழே. மற்றவர்களெல்லாம் எப்போதாவது, அல்லது அபூர்வமாகப் பார்க்கிறவர் மூலம் போனவர்கள். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், மாமன் மச்சானுக்கும் பங்காளிக்கும் தெரிந்தது உங்களுக்கும் முன்பே தெரியும். முப்பது யூனிட் ஏறி இறங்கும் மெஷின் மெக்கானிக்குக்கு எங்கே லோடு வழிகிறது, எங்கே டெய்லர் நின்றுவிட்டான் என்று தெரியும். ஊசி-நூல் கடைக்காரர், அயர்னிங் கான்ட்ராக்டர், பண்டல் ஏற்றும் டெம்போக்காரர் எல்லாரும் அப்படித்தான். மெக்கானிக்கிடம் “வேலை இருந்தா சொல்லுங்ணா” என்று சொன்னால் மறந்துவிடுவார். “1,200 பீஸ் ரீ-செக்கிங் ஒரே ராத்திரியில முடிச்சுத் தருவோம்” என்றால் அது அவர் வாயில் அப்படியே போகும். அவர் அனுப்பியவர் வேலை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அன்றைக்கே அவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மொய் நோட்டு மாதிரி இதற்கும் ஒரு நோட்டு வையுங்கள்: யார் அனுப்பினார், என்ன ஆயிற்று, நாம் அவருக்கு யாரை அனுப்பினோம். கடைசிப் பத்தி காலியாக இருந்தால் நோட்டு ஓடாது.

கார்டு வாங்கி வைத்த மூன்று பேருக்கும் தீபாவளிக்கு மறு வாரம் போன் பண்ணுங்கள். ஊருக்குப் போன ஆட்கள் திரும்பியிருக்க மாட்டார்கள், கப்பல் தேதி காத்திருக்காது. பொங்கலுக்குப் பிறகும் அப்படித்தான். உங்கள் ஆட்கள் பக்கத்து ஊர்க்காரர்களாக இருந்தால் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் யாருக்கும் போன் வேண்டாம், சம்பளம் போடுகிற நேரம்.

வேலை வந்தால் அடுத்த ஆபத்து ஆசை. பத்து டெய்லர், 480 நிமிடம், மொத்தம் 4,800. புது யூனிட்டில் அதில் 60 சதவீதம் தேறினால் 2,880. உங்கள் 10,300-ஐ இதில் வகுத்தால் நிமிடத்துக்கு 3 ரூபாய் 58 காசு. தைக்க ஏழு நிமிடம் ஆகிற டீ-ஷர்ட் என்றால் 25 ரூபாய் உங்கள் அடக்கம், லாபம் அதற்கு மேல்தான். உள்ளே நுழைய வேண்டும் என்பதற்காக 19-க்கு ஒத்துக்கொண்டால் அந்த ரேட்டை ஏற்ற ஒரு வருசம் ஆகும். நாளைக்கு 411 பீஸ்தான் வரும். 5,000 பீஸ் என்றால் பன்னிரண்டு நாளுக்கு மேல், அதுவும் ஒருத்தர் லீவு போடாமல் இருந்தால். முதல் ஆர்டர் ஆயிரத்துக்கு மேல் வேண்டாம்.

மாமியார் சொன்னதற்கு வருகிறேன். போனில் எதிர்முனையில் கேட்கப்போவது, “எத்தனை பேர் பார்ப்பீங்க, மேஜர் மைனர் எப்படிப் பிரிப்பீங்க, எத்தனை மணிக்குத் தருவீங்க” என்பதைத்தான். இதற்கு யோசிக்காமல் பதில் சொல்லக்கூடியவர் உங்கள் வீட்டில் ஒருவர்தான் இருக்கிறார். ரிப் நீளம் பற்றி யாராவது கேட்டால் மட்டும் போனை ஓவர்லாக் பக்கம் கொடுங்கள்.