எல்லாரும் தலையாட்டுற கமிட்டி

கேள்வி: அண்ணே வணக்கம். எங்க கோவில் கமிட்டில எல்லாருமே ஒரே தோட்டத்து லயத்துல பொறந்து வளந்தவங்க, பாதிப்பேரு மாமன் மச்சான். தலைவர் சொன்னா சரின்னு அரை மணில மீட்டிங்க முடிச்சிட்டு தே தாரிக் குடிக்க போயிடுவோம். போன வருஷம் கோவில் காசுல ஒரு பழைய வேன் வாங்கினோம், கொஞ்ச நாள்லயே எஞ்சின் போச்சு. இப்ப கேட்டா ஆளாளுக்கு "எனக்கு அப்பவே டவுட்டுதான் லா"ங்கறாங்க. ஒத்துமையா இருக்கறது தப்பாண்ணே?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ஒத்துமை தப்புன்னு யாரு சொன்னா தம்பி? மலாயா அமைச்சரா இருந்த உங்க ஊரு சம்பந்தன் 1960ல கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சப்ப, ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுற சனங்க மாசம் பத்து வெள்ளி கட்டி தோட்டங்களையே வாங்கினாங்களே, ஒத்துமை இல்லாம அது நடக்குமா.

ஆனா அந்த டவுட்ட அப்பவே ஏன் யாரும் சொல்லல, அதைப் பாருங்க. மாமா மூஞ்சி சுருங்கிடுமோ, நாளைக்கு கல்யாண வீட்டுல பாராமுகமா போயிடுவாரோன்னு பயம். இர்விங் ஜானிஸ்னு ஒரு அமெரிக்க மனோதத்துவ பேராசிரியர் 1972ல இதைப் பத்தியே புத்தகம் போட்டாரு. 1961ல அமெரிக்க அதிபர் கென்னடியும் அவர் ஆளுங்களும் கூடிப்பேசி கியூபா மேல படையெடுக்க சுமார் 1,400 பேர அனுப்பி மூணே நாள்ல தோத்தாங்கல்ல, அந்த கூட்டத்துல இருந்த ஷ்லெசிஞ்சர்ங்கற ஆலோசகருக்கு அது சரிவராதுன்னு தெரியும், கென்னடிக்கு தனியா எழுதியும் குடுத்தாரு, ஆனா எல்லாரும் உக்காந்திருந்தப்ப வாயத் தொறக்கல, அதுக்கு பின்னாடி வருத்தப்பட்டாரு. அவ்ளோ படிச்சவங்களுக்கே அப்படின்னா நம்ம கமிட்டி எம்மாத்திரம். மறுவருஷம் கியூபாவுல சோவியத்காரங்க ஏவுகணை வச்ச பிரச்சனை வந்தப்ப கென்னடி சில கூட்டத்துக்கு வேணும்னே போகல, தான் இல்லன்னா மத்தவங்க மனசுவிட்டு பேசுவாங்கன்னு.

பின்னால வந்த ஆய்வுல இன்னொண்ணும் சொல்றாங்க, ஆள் மேல உள்ள பாசத்தால மட்டும் ஒட்டுன குழு முடிவெடுக்கறதுல சறுக்குது, வேலை மேல உள்ள அக்கறையால ஒட்டுனது நல்லாவே செய்யுது. உங்களுது எதுன்னு உங்களுக்கே தெரியும்.

அதனால அடுத்த மீட்டிங்ல தலைவர் கடைசியா பேசட்டும். காசு விஷயம்னா ஓட்டெடுக்க முன்னாடி ஆளுக்கொரு துண்டுச்சீட்டுல பேரு போடாம எழுதி வாங்குங்க, குறை சொல்றதுக்குன்னே ஒருத்தர முறை வச்சு நிறுத்துங்க, அப்ப அது அவரோட டியூட்டி, யாரும் கோவிச்சிக்க முடியாது. வேனுன்னா வெளியாள் மெக்கானிக் ஒருத்தர கூப்பிட்டு காட்டுங்க, சொந்தக்கார மெக்கானிக் வேணாம்.

தலைவர் உங்க மாமாவா இருந்தா இதையெல்லாம் நீங்க சொல்லாதீங்க, செயலாளர விட்டு சொல்லச் சொல்லுங்க.