சாக்பீஸை அவர்கள் கையில் கொடுங்கள்

தம்பி, முதலாமாண்டு கணக்குக்கு ஆறு பேர் சேர்ந்து படிக்கிறோம், எல்லாக் கணக்கையும் நானே போர்டில் போட்டுக் காட்டுகிறேன், ஆனாலும் இன்டர்னலில் மூன்று பேர் ஃபெயில் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உழைப்பில் குறையே இல்லை. நீங்கள் போடுகிறீர்கள், அவர்கள் பார்த்து எழுதுகிறார்கள், சிக்கல் அங்கேதான்.

நாளைக்கு அவர்களில் ஒருவரைப் போடச் சொல்லுங்கள். எக்ஸ் இன்டு ஈ பவர் எக்ஸுக்கு இன்டகிரேஷன், 'பை பார்ட்ஸ்' முறையில், அதாவது பெருக்கலில் ஒன்றை 'யூ' என்று எடுத்துக்கொண்டு மற்றதை இன்டகிரேட் செய்வது. அவர் ஈ பவர் எக்ஸை 'யூ' என்று எடுத்துவிட்டால் உடனே தப்பு என்று பாயாதீர்கள். அடுத்த வரியையும் எழுதட்டும். உள்ளே எக்ஸ் ஸ்கொயர் வந்து நிற்கும். "ஆரம்பித்ததைவிட இது சுலபமா, கஷ்டமா?" என்று மட்டும் கேளுங்கள். சற்று யோசித்து அவரே அழித்துவிட்டு மாற்றிப் போடுவார். பரீட்சை ஹாலில் கைகொடுப்பது அந்த அழித்தல்தான்.

அமெரிக்காவில் மிசோரி பல்கலைக்கழகத்தின் கன்சாஸ் சிட்டி வளாகத்தில் 1973-ல் டியானா மார்ட்டின் தொடங்கிய முறையும் இதுதான். அந்தப் பாடத்தை நன்றாக முடித்த மாணவர் ஒருவர் குழுவை நடத்துவார். மறுபடி வகுப்பெடுக்க மாட்டார், கேள்வியை மற்றவர்கள் பக்கமே திருப்பிவிடுவார். அதுவும் ஃபெயிலானவர்களுக்கு என்று வைக்காமல், கஷ்டமான பாடத்துக்கு என்று வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம், கூச்சப்பட வேண்டியதில்லை. அதனால் அந்த மூன்று பேரை மட்டும் தனியாக உட்காரவைக்காதீர்கள்.

அப்புறம், முதல் இரண்டு வாரம் மெதுவாகத்தான் போகும். யூனிட் முடியவில்லையே என்று பதறி, சாக்பீஸைத் திரும்ப வாங்கிவிடாதீர்கள்.