யாரைக் கேட்டு மாற்றினார்கள்?

வணக்கம் ஐயா,

காவடித் திருநாளுக்கு ஓர் அமைச்சர் முகநூலில் நான்கு வரி வாழ்த்து எழுதினார். மறுநாள் பத்திரிகையில் அது முதல் பக்கம், வானொலியில் அரைமணி நேர விவாதம். வேறொருவர் பதில் பதிவு போட்டதும் இன்னும் இரண்டு நாள் ஓடியது. இரண்டு பதிவுகளையும் இணைத்திருக்கிறேன். இது எப்போது நிற்கும்? நான் முகநூலை விட்டுவிடலாமா?

– ஒரு வாசகர், காத்ர் போர்ன், மொரீஷியஸ்

அன்புள்ள தம்பி,

முகநூலை விடுவது உங்கள் விருப்பம். அமைச்சர் வாழ்த்துச் சொன்னதிலும் எனக்குக் குறையில்லை. அதை அப்படியே அச்சில் ஏற்றியவர்கள்மீதுதான் கோபம்.

1998 நவம்பரில் மொரீஷியஸ் மத்திய வங்கி புதிய ரூபாய்த் தாள்களை வெளியிட்டது. அப்பா சம்பளம் வாங்கிவந்து, சமையலறை மேசையில் பழைய தாளையும் புதிய தாளையும் அருகருகே வைத்தார். முன்பு இந்திக்கு மேலே இருந்த தமிழ், புதியதில் கீழே இறங்கியிருந்தது. "யாரைக் கேட்டு மாற்றினார்கள்?" என்றார். நான் அவரை அவ்வளவு மெதுவாகப் பேசிக் கேட்டதில்லை. தீவெங்கும் தமிழர்கள் அதையே உரக்கக் கேட்டார்கள். வங்கி தாள்களைத் திரும்பப் பெற்றது. 1999இல் வந்தவற்றில் தமிழ் தன் இடத்துக்குத் திரும்பியது. கேள்வி கேட்டதன் பலன் அது.

அமைச்சர் நேரில் பேசினால் நிருபர் "ஏன்?" என்று குறுக்கே கேட்கலாம். அவர் தடுமாறினால் அதுவும் செய்தி. பதிவில் எதிரே யாரும் இல்லை. கீழே ஆயிரம் பேர் கேட்டாலும் ஒருவருக்கும் அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாழ்த்தை அச்சிட்ட பத்திரிகை, தொடக்கப் பள்ளிகளுக்கு இந்த ஆண்டு எத்தனை தமிழாசிரியர்களை நியமித்தீர்கள் என்று அவரிடம் கேட்டதா? ஒரு தொலைபேசி அழைப்புப் போதுமே! கேட்காமல் அச்சிட்டால் அது விளம்பரம். காசு வாங்காத விளம்பரம் என்பது இன்னும் கேவலம்.

2024 தேர்தலுக்கு முன் தலைவர்களின் தொலைபேசிப் பேச்சுகள் ஒலிப்பதிவாகக் கசிந்தபோது என்ன நடந்தது? தேசப் பாதுகாப்பு என்று சொல்லி, நவம்பர் 11 வரை சமூக ஊடகங்களையே முடக்க உத்தரவு வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் மறுநாளே விலக்கினார்கள். தாங்களே எழுதிப் போடும் பதிவுகளுக்கு ஆட்சியாளர்கள் அப்படி அஞ்சியதுண்டா?

உங்கள்மீதும் வருத்தம் உண்டு, தம்பி. இரண்டு பதிவுகளையும் ஓர் எழுத்து விடாமல் நகலெடுத்து அனுப்பிய நீங்கள், உங்கள் ஊர்ப் பள்ளியின் தமிழ் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று ஒரு வரி எழுதவில்லையே! போய்ப் பாருங்கள். அடுத்த முறை அமைச்சர் உங்கள் கோயிலுக்கு வரும்போது, அவர் கழுத்தில் மாலை விழுவதற்குமுன் அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எனக்கு எழுதுங்கள். சொல்லாமல் நகர்ந்தால், அதையும் எழுதுங்கள்.