கேரளா கேமரா நம்ம மலை ரோட்டுக்கு சரிப்படுமா?

கேள்வி: வேலை விஷயமா வாரத்துல நாலு நாளு குமுளி போய்ட்டு வர்றேன். கேரளாவுல ஏஐ கேமரா வச்சதுல இருந்து செக்போஸ்ட் நெருங்கினாலே நம்மாளுங்க டேங்க் மேல வச்சிருக்கிற ஹெல்மெட்ட எடுத்து மாட்டிக்கிறாங்க. அதே கேமராவ லோயர் கேம்ப் மலை ரோட்டுலயும் வைக்கச் சொல்லி மனு குடுக்கப் போறோம். சரிதானே?
– வாசகர், கம்பம்

பதில்: மனு குடுங்க, ஆனா அதுல கேமரான்னு எழுதறதுக்கு முன்னாடி அந்த கேமரா எதைப் புடிக்குதுன்னு பாத்துருங்க. 2023 ஏப்ரல்ல ஆரம்பிச்சு ஜூன் 5ல இருந்து ஃபைன் போட்டாங்களே, அந்த 726 கேமராவுல 675 ஹெல்மெட், சீட் பெல்ட், ஓட்டிக்கிட்டே போன் பேசறது, பைக்குல மூணு பேரு போறது இதுக்காக. பார்க்கிங்குக்கு 25, சிக்னலுக்கு 18. வேகத்துக்குன்னு வச்சது வெறும் 8. அதனால கம்பம் கூடலூர் ரோட்டுல பைக்குக்காரங்க தலையக் காப்பாத்தணும்னா இது தாராளமா சரிப்படும், தலை எந்த ஸ்டேட்டா இருந்தாலும் தலைதான்.

மலை ரோட்டுக் கதை வேற. போன மாசம் காலைல அஞ்சரைக்கு கம்பத்துல ரோட்டோரம் நின்னு தோட்டத்துக்குப் போற ஜீப்ப எண்ணிப் பாத்தேன், ஒரே ஜீப்புல பதினாறு பேரு, எல்லாம் பொம்பளைங்க, மடியில தூக்குவாளி, பின்னாடி கம்பியப் புடிச்சு தொங்கிக்கிட்டு இன்னும் ரெண்டு பேரு. மனசே ஆறல. இந்த ஜீப்ப ஹெல்மெட் கேமரா என்ன பண்ணும் சொல்லுங்க? சாயங்காலம் மழையில அதே லோடோட இறங்குறப்போ சில பேரு டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விட்டுட்டு பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வர்றாங்க, அது சூடேறி கடைசி வளைவுல புடிக்காமப் போகுது. ஏறின கியர்லயே இறங்கணும்னு நம்ம பழைய டிரைவருங்க படிச்சுப் படிச்சு சொல்லுவாங்க. அந்த ஜீப்புக்கு வேணுங்கறது விடிகாலைல கூட ரெண்டு பஸ்ஸும், இறக்கம் ஆரம்பிக்கிற இடத்துல பிரேக்க செக் பண்ண ஆளும்தான்.

இதையே திருப்பிப் போட்டும் யோசிங்க, நம்ம ஏற்பாட்ட வேற ஊருக்குக் கொண்டுபோனா என்ன ஆகும்னு. ஐயப்பன் சீசன்ல கூட்டம் அதிகமானா போற வண்டிய கம்பம்மெட்டு வழியா ஏத்தி, திரும்புறத குமுளி வழியா இறக்கி ஒன்வே பண்றாங்க. எதிர்ல வண்டி வராததால முட்டிக்கிற பயம் இல்ல, நல்ல ஏற்பாடு. ஆனா பக்கத்துப் பக்கத்துல ரெண்டு மலை ரோடு நமக்கு இருக்கறதாலதான் அது நடக்குது. இதையே செங்கோட்டை தாண்டி கேரளாவுக்குப் போற புளியரை ரோட்டுல பண்ணச் சொன்னா லாரிய எந்த ரோட்டுல திருப்புவாங்க?

இன்னொன்னு, "அங்க வச்சாங்க, விபத்து குறைஞ்சிருச்சு"ன்னு யாராவது சொன்னா எத்தனை வருஷக் கணக்குன்னு கேளுங்க. ஒரு வருஷம் ரொம்பக் கூடிப்போன இடத்துல அடுத்த வருஷம் ஒண்ணுமே பண்ணலைன்னாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். மத்திய அரசே ஒரு இடத்த பிளாக் ஸ்பாட்டு, அதாவது அடிக்கடி விபத்து நடக்கிற இடம்னு சொல்றதுக்கு மூணு வருஷக் கணக்குதான் பாக்குது: 500 மீட்டருக்குள்ள சாவோ பலத்த காயமோ உள்ள விபத்து 5, இல்லன்னா 10 சாவு. நீங்களும் ஆர்டிஐ போட்டு அந்த ரோட்டோட மூணு வருஷ விபத்துக் கணக்க வாங்குங்க. எந்த வளைவு, எத்தனை மணி, ஏறும்போதா இறங்கும்போதா, என்ன வண்டி, இந்த நாலும் தெரிஞ்சா மனுவுல என்ன கேக்கணும்னு உங்களுக்கே புரியும்.

கேள்வி: பக்கத்து ஊர் மாதிரி எங்க தெருவுலயும் வேகத்தடை போடச் சொல்லலாமா?
– வாசகி, கூடலூர்

பதில்: பள்ளிக்கூடம் இருக்கிற தெருன்னா கண்டிப்பா கேளுங்கம்மா. ஆனா அளவோட கேளுங்க. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் கணக்குப்படி 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், அப்பதான் 25 கிலோமீட்டர் வேகத்துல வண்டி அலுங்காம ஏறி இறங்கும். நம்ம ஊர்கள்ல ஒரு முழ அகலத்துல குத்தா தார கொட்டி வச்சிடறாங்க, பின்னாடி குழந்தையோட உக்காந்திருக்கிற பொம்பளைங்கதான் தூக்கி எறியப்படுறாங்க. வெள்ளைப் பெயின்ட்டும் முன்னாடியே ஒரு போர்டும் சேத்து கேளுங்க, ராத்திரி பனியில அது இல்லாத வேகத்தடை கண்ணுக்கே தெரியாது.