மனசு சொல்லுது, முதலைப் போடலாமோ? – கேள்வி பதில்

சுன்னாகத்தில சின்ன வெங்காயம் வாங்கி விக்கிறன் அண்ணை. கையில எடுத்தவுடன தரம் தெரியும். ஆனா விலை ஏறும் எண்டு மனசு சொல்லி வாங்கி அடுக்கினா அடி விழுது. ஏன்?

கழுத்து காய்ஞ்சிருக்கோ, அமத்தினா மெத்தெண்டு போகுதோ எண்டு நாள்தோறும் மூட்டை மூட்டையாப் பாக்கிறியள். பிழைச்சா நாலு நாளில அழுகல் காட்டிக் குடுத்திடும். விலை அப்பிடியில்லை. இறக்குமதி வரி ஒரு வர்த்தமானியோட மாறும், டொலர் ஏறும், மழை வரும். மனசு படிக்கிறதுக்கு அதில ஒழுங்கே கிடையாது. உளவியலாளர் கானமனும் கிளைனும் 2009இல சேர்ந்து எழுதின கட்டுரையும் இதைத்தான் சொல்லுது: மனசை நம்ப, நிலைச்ச ஒழுங்கும், சரி பிழை தெரிய வாற நீண்ட பழக்கமும் ரெண்டும் வேணும். மனசை நம்பலாமோ எண்டதில இவையள் எதிரெதிர்ப் பக்கம் நிண்ட ஆக்கள் எண்டதையும் கவனியுங்கோ.

அதால தரத்தைக் கையிட்டயே விடுங்கோ, விலைக்குக் கணக்குப் பாருங்கோ. 10 கிலோவை நிழலில பரப்பி, ரெண்டு கிழமையால திரும்ப நிறுங்கோ. 8.5 கிலோ நிண்டா, கிலோ 300 ரூபாவுக்கு வாங்கினது உங்களுக்குக் கிலோ 353 ரூபா. சாக்கு, கூலி, வட்டி அதுக்கு மேல. இவ்வளவும் தாண்டி விலை ஏறுமோ எண்டதுதான் உண்மையான கேள்வி.

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில ஒரு கடை பாத்தவுடன பிடிச்சுப்போச்சு. வேற ஆள் கேக்குது எண்டு உரிமையாளர் அவசரப்படுத்துறார்.

பிடிச்சது உங்கட மனசு, அவசரம் அவருடையது. ரெண்டையும் கலக்காதேங்கோ தங்கச்சி. அட்வான்ஸ் குடுக்க முதல் ஒரு கிழமைநாளும் ஒரு சனியும், காலமை 10–11, பின்னேரம் 4.30–5.30, பக்கத்துக் கடையளில இருந்து பையோட வெளிய வாற ஆக்களை எண்ணுங்கோ. றோட்டால போற சனத்தை எண்ணிப் பிரயோசனமில்லை. பல்கலைக்கழகம் விடுமுறை விட்டா அந்தப் பக்கம் எப்பிடிக் கிடக்கும் எண்டும் விசாரியுங்கோ. நல்லூர்த் திருவிழா 25 நாளும் எண்ணினது கணக்கில சேராது.

பிறகு வீட்டில மூண்டு பேரை இருத்தி, "ஒரு வருசம் போச்சு, கடை பூட்டியாச்சு. ஏன்?" எண்டு ஆளுக்கொரு கடதாசியில பத்து நிமிசம் எழுத விடுங்கோ. கதைக்க விடாதேங்கோ. வாசிக்கிறபோது வயசில குறைஞ்சவர் முதல். அப்பா முதல் வாசிச்சா மற்றவை தங்கட கடதாசியை மடிச்சுப்போடுவினம். கடை பூட்டினதா வைச்சுக் காரணம் எழுதுறது மேல சொன்ன கிளைன்ர முறை.

ஆள் எடுக்கேக்க முகத்தைப் பாத்தே தெரியும் எண்டு நினைக்கிறன். பிழையோ?

நேரம்தான் பிழை. 1950களில இஸ்ரேல் இராணுவத்துக்கு கானமன் வகுத்த நேர்முகத்தில, ஆறு குணத்துக்குத் தனித்தனியாப் புள்ளி போட்ட பிறகுதான் கண்ணை மூடி மொத்தப் புள்ளி போட விட்டவை. அந்தக் கடைசிப் புள்ளியும் ஆறின்ர கூட்டுத்தொகை அளவுக்குச் சரியா வந்தது. கடைக்கு ஆறு தேவையில்லை, நாலு போதும்: கணக்கு, நேரம், சனத்தோட கதைக்கிற விதம், முன்னைய முதலாளியின்ர சொல். நாலுக்கும் 5க்குப் புள்ளி போட்டுட்டு மனசைக் கேளுங்கோ. சொந்தக்காரப் பெடியனெண்டாலும்தான்.

கடனுக்குச் சாமான் கேக்கிறவரில ஏதோ இடிக்குது. காரணம் சொல்லத் தெரியேல்ல.

காரணம் தேடி மினக்கெடாதேங்கோ. பாதிக் காசு கையில, மீதிக்கு ஒரு மாதச் செக், முதல்தரம் சின்னத் தொகை. ஒழுங்காக் காசு தந்தா கூட்டலாம். சும்மா சந்தேகத்தால போறது ஒரு சின்ன லாபம். நம்பிக் குடுத்தாப் போறது முதல்.

கோயில்ல பூக் கட்டிப் பாக்கலாமோ?

பாருங்கோ. கணக்குக் கொப்பியைப் பாத்த பிறகு.

என்ர மனசு எவ்வளவு சரி எண்டு எப்பிடி அறியிறது?

ஒரு சிஆர் கொப்பி (தடிச்ச மட்டைக் கொப்பி) எடுங்கோ. திகதி, முடிவு, எவ்வளவு நிச்சயம் (100க்கு), எப்ப தெரியவரும். காசு கைமாற முதல் எழுதவேணும்; பிறகு எழுதினா "எனக்கு அப்பவே தெரியும்" எண்டு மனசு திருத்தி எழுதும். 80 எண்டு போட்டது இருபது சேர்ந்த உடன எண்ணுங்கோ: பதினாறு சரிவந்திருக்கவேணும். பத்துத்தான் எண்டா, எந்தவகைச் சாமானில பிழைச்சிருக்கு எண்டு பிரிச்சுப் பாருங்கோ. அனேகமா ஒரே வகையாத்தான் இருக்கும்.