யார் தாளம் போடுவது? குரூவ்பாக்ஸ் கேள்வி பதில்

தாளம் போடும் டிரம் மெஷின், மின்னணு முறையில் ஒலி உருவாக்கும் சின்தசைசர் அல்லது பதிவு செய்த ஒலிகளை வாசிக்கும் சாம்ப்ளர், எந்த ஒலி எப்போது வர வேண்டும் என்று கட்டம் கட்டமாக வைத்து அதை ஓட்டும் சீக்வென்சர், இவை எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருந்தால் அது குரூவ்பாக்ஸ். ரோலண்ட் நிறுவனம் 1996-ல் எம்.சி-303 என்ற பெட்டியை வெளியிட்டபோது வைத்த பெயர், அப்படியே நிலைத்துவிட்டது. இந்த முறை வந்த கேள்விகளில் நிறைய "என் மெஷின் கெட்டுப்போச்சா?" என்ற ரகம். படித்துப் பார்த்தால் பல பெட்டிகளுக்கு ஒரு குறையும் இல்லை, பக்கத்துப் பெட்டியோடு பேச்சுவார்த்தைதான் சரியில்லை.

கேள்வி: கோர்க் நிறுவனத்தின் சிறிய டிரம் மெஷினான வோல்கா பீட்ஸையும் இன்னொரு பெட்டியையும், வேகம் ஒத்துப்போக, 3.5 மி.மீ. சிங்க் கேபிளில் இணைத்தேன். வோல்கா சரியாக இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகிறது. தனியாக ஓடினால் சரியாக இருக்கிறது. பழுதா? (கோவை)

பழுது இல்லை. "சரியாக இரண்டு மடங்கு" என்று எழுதினீர்கள் பாருங்கள், அதிலேயே பதில் இருக்கிறது. அந்தக் கேபிளில் போவது வெறும் மின்துடிப்பு, ஒரு அடிக்கு எத்தனை துடிப்பு என்பதில் எல்லோரும் ஒத்துப்போகவில்லை. வோல்கா, பாக்கெட் ஆபரேட்டர் மாதிரியான சின்னப் பெட்டிகள் அடிக்கு 2 துடிப்பு எதிர்பார்க்கும், உங்கள் இன்னொரு பெட்டி 4 அனுப்புகிறது. அதன் செட்டிங்ஸில் கிளாக் அவுட் என்ற இடத்துக்குப் போய் 2 என்று மாற்றுங்கள். இசைக்கருவிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் பொது முறையான மிடி கேபிளில் போனால் இந்தக் குழப்பமே கிடையாது, அங்கே அடிக்கு 24 கிளாக் (வேகத்தைச் சொல்லும் துடிப்பு) என்று 1983-லிருந்து எல்லோருக்கும் ஒரே கணக்கு.

அப்புறம் இன்னொன்று, இது எல்லோருக்கும். பஜனையில் ஜால்ரா ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும், இரண்டு பேர் எடுத்து ஆளுக்கொரு வேகத்தில் தட்டினால் பாடுகிறவர் பாடு திண்டாட்டம். பெட்டிகளும் அப்படித்தான். ஒன்று மட்டும் கிளாக் அனுப்பட்டும், மற்ற எல்லாவற்றிலும் அனுப்புவதை நிறுத்திவிட்டு வாங்குவதை மட்டும் திறந்து வையுங்கள். டெம்போ எண் நடுங்குவது, ஸ்டார்ட் அழுத்தினால் இரண்டு முறை ஆரம்பிப்பது, எல்லாம் பெரும்பாலும் இதில் அடங்கிவிடும்.

கேள்வி: லேப்டாப்பில் யு.எஸ்.பி. செருகினால் ஸ்பீக்கரில் 'ஊய்ய்' என்று இரைச்சல். எடுத்தால் போய்விடுகிறது. (சென்னை)

கிரவுண்ட் லூப். பெட்டியும் லேப்டாப்பும் ஆடியோ கேபிள் வழியாக ஒருமுறை, யு.எஸ்.பி. வழியாக இன்னொருமுறை எர்த்தில் இணைந்து ஒரு வளையம் ஆகிவிடுகிறது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், இரைச்சல் நின்றால் சந்தேகமே வேண்டாம். தீர்வு, யு.எஸ்.பி.க்குப் பதில் பழைய 5 பின் மிடி கேபிள். அதில் வாங்கும் பக்கம் ஒளி வழியாகத்தான் செய்தி கடக்கிறது, மின்தொடர்பு கிடையாது, அதனால் வளையம் அறுந்துவிடும். யு.எஸ்.பி.யே வேண்டும் என்றால் ஆடியோ பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பாக்ஸ் (ஆடியோ கேபிளுக்கு நடுவில் வைக்கும் சிறு பெட்டி) வையுங்கள். ஆனால் ஒன்று, சிலர் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்வார்கள், இரைச்சலும் போகும். செய்யவே செய்யாதீர்கள். அது உயிர் காக்கும் கம்பி.

கேள்வி: அண்ணா, நான் பிளஸ் டூ படிக்கிறேன். மிடிக்கு 3.5 மி.மீ. ஜாக்கிலிருந்து 5 பின் மாற்றும் கேபிள் ஆன்லைனில் வாங்கினேன், ஒன்றுமே போகவில்லை. ஏமாந்துவிட்டேனா? (திருச்சி)

இல்லை தம்பி. அந்தக் கேபிளில் ஏ வகை, பி வகை என்று இரண்டு உண்டு, உள்ளே இரண்டு கம்பிகள் இடம் மாறியிருக்கும், வெளியே பார்த்தால் ஒரே மாதிரி. 2018-ல்தான் ஏ வகையே பொது முறை என்று முடிவானது. அதற்கு முன்பே கோர்க் ஏ வகையில் போனது, நோவேஷன், ஆர்டூரியா நிறுவனங்கள் பி வகையில் போயின. உங்கள் பெட்டியின் மேனுவலில் எந்த வகை என்று பார்த்து அதை வாங்குங்கள். தவறான வகை போட்டதால் பொதுவாகப் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது, பயப்பட வேண்டாம்.

கேள்வி: பத்து வருடம் மிருதங்கம் கற்றவன். பெட்டி முழுக்க 16 கட்டம், 4 அடி. ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு தாளம் போட முடியுமா, இல்லை இது மேற்கத்திய இசைக்கு மட்டும்தானா? (தஞ்சாவூர்)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 16 என்பது பெட்டி உங்களுக்குத் தரும் ஆரம்ப நீளம்தான், அதைக் குறைக்கலாம். பேட்டர்ன் லென்த் (கட்ட வரிசையின் நீளம்) என்று ஒன்று இருக்கும், வோல்காவில் ஆக்டிவ் ஸ்டெப் என்ற பெயரில் தேவையில்லாத கட்டங்களை அணைக்கலாம். மிஸ்ர சாபுவுக்கு 14 வையுங்கள். தகிட தக திமி என்று ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு கட்டம், ஆக அழுத்தம் 1, 7, 11 ஆகிய கட்டங்களில் விழும். ஐந்து எண்ணிக்கை கொண்ட கண்ட சாபு 10 கட்டம், தக தகிட, அழுத்தம் 1, 5. எட்டு அடி கொண்ட ஆதி தாளம் சதுஸ்ர நடையில், அதாவது அடிக்கு நான்கு கட்டமாக, ஓர் ஆவர்த்தனம் (முழுச் சுற்று) 32, இரண்டு 16 பேட்டர்ன்களை அடுத்தடுத்து ஓடவிட்டால் வந்துவிடும்.

அடியை மூன்றாகப் பிரிக்கும் திஸ்ர நடைதான் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ட்ரிப்லெட் அமைப்பு உள்ள பெட்டி என்றால் கவலை இல்லை. இல்லாவிட்டால் 12 கட்டம் வைத்து, மூன்று கட்டத்துக்கு ஓர் அடி என்று நீங்களே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி நான்கு கட்டத்தைத்தான் அடி என்று நினைக்கிறது, அதனால் காட்டும் டெம்போ உங்கள் டெம்போவில் முக்கால் பங்கு இருக்க வேண்டும், நிமிடத்துக்கு 100 அடி வேண்டுமென்றால் 75 என்று வையுங்கள்.

இனிமேல்தான் உங்களுக்கு விருந்து. ஒவ்வொரு டிராக்குக்கும் (ஓர் ஒலிக்கான வரிசை) தனி நீளம் தரும் பெட்டியில், எலெக்ட்ரான் நிறுவனத்தின் டிஜிடாக்ட் மாதிரி, கிக் என்ற கனத்த டிரம் அடியை 16-லும் மேல் சொற்களை 14-லும் ஓடவிடுங்கள். ஒன்று 7 சுற்றும் மற்றது 8 சுற்றும் போய் 112-வது கட்டம் முடிந்ததும் இரண்டும் சமத்தில் வந்து சேரும். கோர்வை கணக்குப் போட்டுப் பழகிய உங்களுக்கு அந்த இடம் வரும்போது தானாகக் கை தொடையில் விழும். மாஸ்டர் லென்த்தை மட்டும் எண்ணாக வைக்காமல் இன்ஃபினிட்டியில் வையுங்கள், இல்லையென்றால் நடுவில் எல்லாவற்றையும் ஒன்றாம் கட்டத்துக்கு இழுத்துவிடும். லைவாகத் தட்டிப் பதிவு செய்யும்போது குவான்டைஸை அணைத்துவிடுங்கள். உங்கள் விரலில் பத்து வருடமாக இருக்கும் நடையைக் கட்டத்துக்குள் இழுத்துத் திருத்துவதற்கு அதற்கு உரிமை கிடையாது. இடந்தலையில் (மிருதங்கத்தின் இடது பக்கம்) எழும் கும்கி ஒலிக்கு அந்த ஒரு கட்டத்தில் மட்டும் பிட்ச் ஏறி இறங்கும்படி பாராமீட்டர் லாக் போட்டுப் பாருங்கள், நன்றாகவே வரும்.

மேற்கத்தியதா என்றால், மும்பையில் சரண்ஜித் சிங் என்ற இசைக்கலைஞர் 1982-லேயே ரோலண்டின் டி.ஆர்-808 டிரம் மெஷின், டி.பி-303 பேஸ் சின்தசைசர் இரண்டையும் வைத்து ராகங்களை வாசித்துப் பதிவு செய்திருக்கிறார். அதே டி.பி-303-ஐ வைத்து சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை பிறந்தது அதற்குப் பிறகுதான்.

கேள்வி: பறை, உறுமி எல்லாம் நானே ரெக்கார்ட் செய்தேன். வோல்கா சாம்பிள் என்ற சாம்ப்ளரில் ஏற்றினால் பாதியிலேயே இடமில்லை என்கிறது. ஏறியவையும் தாமதமாக அடிக்கின்றன. (மதுரை)

முதல் வோல்கா சாம்பிளில் மொத்தமே 65 விநாடிதான் இடம். உறுமியின் இழுவையை முழுசாக வைக்க ஆசை வரும், ஆனால் ஒவ்வொரு அடியையும் அரை விநாடிக்குள் வெட்டுங்கள், இழுவைக்கு ஒன்றிரண்டு நீள சாம்பிள் போதும். இன்னும் இடம் வேண்டுமா, கணினியில் இரண்டு மடங்கு வேகமாக்கி ஏற்றிவிட்டு, பெட்டியில் வேகத்தைப் பாதியாக்கி வாசியுங்கள், பாதி இடம் மிச்சம். மேல் ஓசை கொஞ்சம் மழுங்கும், பறைக்கு அதுவும் ஒரு அழகுதான். எஸ்.பி-1200 என்ற பழைய சாம்ப்ளரில் 10 விநாடி இடத்தை வைத்துக்கொண்டு ஹிப்ஹாப்காரர்கள் 33 வேக இசைத்தட்டை 45-ல் ஓட்டிப் பதிவு செய்தது இதே வித்தைதான்.

தாமதத்துக்குக் காரணம் சாம்பிளின் தலையில் இருக்கும் அமைதி. காதுக்குத் தெரியாத 20 மில்லிவிநாடி இருந்தாலும் அடி பின்தங்கும். அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, குச்சி தோலைத் தொடும் இடத்துக்கு ஒட்டி வெட்டுங்கள்.

கேள்வி: பழைய ரூட்டர் அடாப்டரைப் போடலாமா? (ஈரோடு)

வோல்ட் அதேதானா, நடுப் பின் பிளஸ்ஸா மைனஸ்ஸா, ஆம்பியர் பெட்டி கேட்பதற்குக் குறையாமல் இருக்கிறதா, மூன்றும் சேர்ந்தால் மட்டும் போடலாம். வோல்கா 9 வோல்ட், நடுவில் பிளஸ். கிட்டார் பெடல் அடாப்டர்களும் 9 வோல்ட்தான், ஆனால் பெரும்பாலும் நடுவில் மைனஸ். ரிச்சி தெருவில் ஒரு கடையில் "எல்லாத்துக்கும் இதேதான் சார்" என்றார்கள், நம்பி வாங்கி வந்து செருகினேன், கருகிய வாசனை வந்தது. உள்ளே ஒரு டையோடு தன்னைப் பலி கொடுத்து மற்றதைக் காப்பாற்றியிருந்தது, மாற்றியதும் பெட்டி பிழைத்தது. எல்லாப் பெட்டியிலும் அந்த டையோடு இருக்காது.

கேள்வி: குமிழைத் திருப்பினால் கரகரப்பு, ஒலி தாவுகிறது. மாற்ற வேண்டுமா? (தூத்துக்குடி)

கடற்கரை ஊர், உப்புக் காற்று, உள்ளே லேசாகப் படலம் பிடித்திருக்கும். மின்சாரத்தை எடுத்துவிட்டு ஒவ்வொரு குமிழையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை முப்பது தடவை திருப்புங்கள். பாதி கேஸ் இதிலேயே தீரும். தீராவிட்டால் பிளாஸ்டிக்கைக் கெடுக்காத காண்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு. துரு எடுக்கும் ஸ்ப்ரே வேண்டாம். கரகரப்பே இல்லாமல் ஒலி மட்டும் தாவினால் அது அழுக்கு அல்ல: சேமித்த மதிப்பு ஓர் இடத்திலும் குமிழ் வேறு இடத்திலும் இருக்கிறது. குமிழ் சேமித்த இடத்துக்கு வந்து சேரும்வரை காத்திருக்கும் கேட்ச் அல்லது பிக்கப் என்ற அமைப்பு இருந்தால் அதைப் போடுங்கள். வாசிக்காத நாட்களில் ஒரு துணியால் மூடி, பக்கத்தில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள்.